அபலேஷனுக்குப் பிறகும் படபடப்பு: சிகிச்சை பலிக்கவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 58. உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உண்டு. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோய்க்காக மூன்று வாரங்களுக்கு முன் சென்னையில் அபலேஷன் செய்துகொண்டேன். அதன் பிறகும் இரண்டு முறை இரவில் அரை மணி நேரம் படபடப்பு வந்தது. முன்பு 68 ஆக இருந்த நாடித்துடிப்பு இப்போது 82 என்று கைக்கடிகாரம் காட்டுகிறது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிவதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். படபடப்பைப் பொறுத்தவரை, சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு கட்ட மூன்று வாரம் போதாது.

இதயத்தின் இடது மேலறையில் நுரையீரல் சிரைகள் வந்து சேரும் இடங்களிலிருந்து எழும் தாறுமாறான மின்தூண்டல்களே பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறைத் தொடங்கிவைக்கின்றன என்பதை 1998-ல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் வெளிப்படுத்தினார்கள். தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் கேத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, வெப்பத்தாலோ கடுங்குளிராலோ மின்துடிப்பாலோ அந்தச் சிரை வாய்களைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, மின்தூண்டல்கள் மேலறைக்குள் பரவாமல் தடுப்பதே அபலேஷன். புண்பட்ட திசுவின் வீக்கம் வடிந்து தழும்பு உறுதிப்பட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை வரும் படபடப்பு பல நேரங்களில் அந்த வீக்கத்தின் விளைவே என்பதால், இந்தக் காலத்தை நாங்கள் வெற்றி தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் தொடக்கத்தில் படபடப்பு வந்தவர்களுக்குப் பின்னாளிலும் அது திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த முறை வரும்போது கடிகாரத்தில் இ.சி.ஜி. வசதி இருந்தால் பதிவு செய்து, சிகிச்சை அளித்த மருத்துவருக்கு அனுப்புங்கள். படபடப்பு சில மணி நேரம் நீடித்தால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாடித்துடிப்பு 82 ஆனதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் நரம்பு முடிச்சுகள் அந்தச் சிரை வாய்களை ஒட்டியே இருப்பதால் சிகிச்சையின்போது அவற்றிலும் சில பாதிக்கப்படுகின்றன; துடிப்பு சீராக இருக்கும்வரை, ஓய்வுநிலையில் இப்படிச் சற்றுக் கூடியிருப்பது பலரிடம் மாதக்கணக்கில் காணப்படுவதுதான்.

அபிக்சபான் விஷயத்தில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். சிகிச்சையால் மேலறையின் உட்சுவர் புண்பட்டிருக்கிறது, அறையும் இன்னும் முழு வலுவோடு சுருங்குவதில்லை; அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதனால் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு இம்மாத்திரை எல்லோருக்கும் கட்டாயம். அதன் பிறகு தொடர்வதா என்பதைத் துடிப்பு சீரானதா என்பதை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றைக் கணக்கிட்டே முடிவு செய்கிறோம். உங்களுக்கு இவற்றில் இரண்டு இருப்பதால் மாத்திரை நெடுங்காலம் தொடரக்கூடும். மாத்திரையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று எண்ணி அபலேஷனுக்கு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கிறது.

ஈறுக் கசிவுக்கு மென்மையான பிரஷுக்கு மாறி, பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, மூக்கிலோ வாயிலோ வரும் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் கேட்டு வாங்காதீர்கள். இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் போதும். அபிக்சபானின் வேலை அரை நாள்தான் நிற்கும் என்பதால் காலை, இரவு இரண்டு வேளையும் தவறக் கூடாது.

மாடிப்படி ஏறுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, தண்ணீர்க் கேன் தூக்குவது ஆகியவற்றுக்கான தடை பெரும்பாலும் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். தொடை இடுக்கில் வீக்கமோ வலியோ இல்லையென்றால் காலை நடையைத் தொடங்கலாம். சத்தமாகக் குறட்டை விடுபவராக இருந்தால் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது இந்நோயைத் திரும்பக் கொண்டுவரும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், கடும் நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள். இன்னொன்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மேலறைக்குப் பின்னால் ஒட்டியபடி உணவுக்குழாய் செல்வதால், வெப்பத்தால் செய்யும் அபலேஷனில் மிக அரிதாக இரண்டுக்கும் இடையே துளை விழுவதுண்டு. இது பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு மாதங்களுக்குள் தெரியவரும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். சென்னையில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்கு, டைஃபாய்டு என்றுதான் முதலில் யோசிப்பார்கள். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் அபலேஷன் செய்த தேதியைச் சொல்லுங்கள். இந்தச் சந்தேகம் இருக்கும்போது எண்டாஸ்கோப்பி செய்வது உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் எடுக்க வேண்டியது மார்பு சி.டி. ஸ்கேன்.