தெமுவான் அம்மாவின் கூடைகள் பறிமுதல்: என் லைசென்சுக்கு ஆபத்தா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூல் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். கோம்பாக் மலைப்பக்கத்திலிருந்து தெமுவான் என்னும் பூர்வகுடி இனத்து அம்மா ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து என் கடையோரத்தில் பெத்தாய்க் காயும் காட்டுத் தேனும் விற்பார். இடத்துக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) தருவார். போன வாரம் அமலாக்க அதிகாரிகள் அவருடைய கூடைகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள். என் லைசென்சும் போய்விடும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். பூர்வகுடிகளுக்குச் சட்டத்தில் சலுகை இல்லையா?

பதில்: சகோதரி, முதலில் அந்த 20 வெள்ளியை நிறுத்துங்கள். உட்கார இடம் கொடுத்தது உங்கள் நல்ல மனம். ஆனால் காசு கைமாறினால் அதை உள்வாடகை என்றுதான் பார்ப்பார்கள். அங்காடி லைசென்ஸ் உங்கள் பெயருக்குத் தரப்பட்டது. இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டால் ரத்தாகலாம். பக்கத்துக் கடைக்காரர் வீணாகப் பயமுறுத்தவில்லை.

சலுகை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1954-ஆம் ஆண்டு பூர்வகுடி மக்கள் சட்டத்தில், நகரச் சந்தையில் லைசென்ஸ் இல்லாமல் விற்கலாம் என்று எங்கும் இல்லை. அரசியலமைப்பின் 8(5)(சி) விதி, அவர்களுடைய நலனுக்காக அரசு தனி ஏற்பாடு செய்ய இடம் தருகிறது. அந்த விதியே லைசென்ஸ் ஆகிவிடாது. 153-ஆவது விதியின் சிறப்பு நிலையோ மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும்தான். மலேசியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் அதில் இல்லை. இந்த மண்ணின் மூத்த குடிகளை விட்டுவிட்டு எழுதிய விதி அது. படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. தெமுவான் மக்களே தொடுத்த சகோங் தாசி வழக்கில், மரபு நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமையை 2002-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் ஏற்றது. பெரிய தீர்ப்புதான். ஆனாலும் அது நிலத்தைப் பற்றியது. சந்தை நடைபாதையில் அதைக் காட்டி வாதாட முடியாது.

ஆகவே அவர் பெயரிலேயே லைசென்ஸ் எடுப்பதுதான் வழி. அவர் மலேசியக் குடிமகள், விண்ணப்பிக்கத் தடையில்லை. அடையாள அட்டையுடன் மாநகர் மன்ற லைசென்ஸ் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்பட்டால் பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜக்கோவாவிடமும் உதவி கேளுங்கள். பறிமுதலின்போது ஏதேனும் தாள் கொடுத்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பெத்தாய் இந்நேரம் கறுத்திருக்கும்; தேனையாவது திரும்பக் கேட்கலாம்.

தேன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய சாஸ் போத்தலில், பழைய லேபிளோடு தேனை ஊற்றி விற்பதைச் சந்தைகளில் பார்த்திருக்கிறேன். உணவு விதிமுறைகளின்படி அது தவறு. பழைய லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பொருளின் பெயர், எடை, தயாரிப்பவரின் பெயர், முகவரி எழுதிய தாளை ஒட்டச் சொல்லுங்கள்.

காட்டு இறைச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு, சில விலங்குகளைத் தங்கள் குடும்பத்தின் உணவுக்காக வேட்டையாட ஓராங் அஸ்லி மக்களை அனுமதிக்கிறது. அந்த இறைச்சியை விற்றாலோ பண்டமாற்றுச் செய்தாலோ அபராதம், சிறை, அல்லது இரண்டும். யார் கொண்டுவந்து கெஞ்சினாலும் அதை உங்கள் மேசைக்கு அடியில் வைக்க விடாதீர்கள்.