லேசான .38 டார்கெட் ரீலோடுக்கு எந்தப் பவுடர் சுத்தமாக எரியும்?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். கையில் ஒரு .38 ஸ்பெஷல் ரிவால்வர். 25 யார்டில் பேப்பர் டார்கெட் சுடுவதற்காக வீட்டிலேயே ரீலோட் செய்கிறார், அதாவது சுட்ட கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) புதுப் பவுடரும் புல்லட்டும் வைக்கிறார். உதை குறைவாக இருக்கட்டும் என்று யுனீக் என்ற பவுடரை ரீலோடிங் மேனுவலின் அடிமட்ட அளவில் போடுகிறார். விளைவு: கேஸ் வெளிப்புறம் கரி, சிலிண்டருக்குள் எரியாத துகள், சிறிது நேரத்தில் சிலிண்டர் சுழலவே இறுக்கம். இதற்குச் சுத்தமான பவுடர் எது என்பது கேள்வி.

நேரடியான பதில்: ஹாட்ஜ்டன் ஹெச்பி-38, அல்லது வின்செஸ்டர் 231. இரண்டும் ஒரே பவுடர்தான், டப்பா மட்டும் வேறு. எது விலை குறைவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யத் தயார் என்றால் பின்லாந்தின் விட்டாவூரி என்310 அல்லது என்320. நானும் புல்ஸ்ஐ என்ற துல்லியப் போட்டிக்கு .38-இல் வாட்கட்டர் (பேப்பரில் சுத்தமான ஓட்டை போடும் தட்டை முனைப் புல்லட்) ரீலோட் செய்பவன்தான். என் பெஞ்சில் வழக்கமாக இருப்பது ஹெச்பி-38.

ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பிரச்சினை தீராது. பவுடர் சுத்தமா அழுக்கா என்பது டப்பாவில் எழுதியிருக்கும் குணம் இல்லை. எவ்வளவு பிரஷரில் எரிகிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. ஒவ்வொரு பவுடருக்கும் முழுதாக எரிய ஒரு குறைந்தபட்ச பிரஷர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஈர விறகு மாதிரி புகைந்து, பாதியை அப்படியே விட்டுவிடும். யுனீக் மோசமான பவுடர் இல்லை. 1900 வாக்கில் வந்து இன்றுவரை கடையில் நிற்கிறது. அதே யுனீக்கை 158 கிரெய்ன் (கிரெய்ன் என்பது எடை அலகு) புல்லட்டோடு முழு அளவு .38 லோடில் போட்டுப் பாருங்கள், இந்தக் கரியில் பெரும்பகுதி காணாமல் போகும். அதை மிக லேசான லோடுக்கு இழுத்து வந்ததுதான் சிக்கல்.

.38 ஸ்பெஷலில் இது ஏன் இவ்வளவு தெரிகிறது என்பதற்குக் காரணம் அந்தக் கேஸின் வயது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதை 1890-களின் கடைசியில் கொண்டுவந்தபோது உள்ளே போனது கறுப்பு வெடிமருந்து. அது இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் கேஸ் நீளமாக வைக்கப்பட்டது. இன்றைய புகையற்ற பவுடர் அதில் சுமார் 3 கிரெய்ன் போட்டால் டார்கெட்டுக்குப் போதும். 3 கிரெய்ன் என்பது 0.2 கிராம். கேஸின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், மீதி எல்லாம் காலி இடம். அதோடு .38 ஸ்பெஷலின் தொழில்துறை உச்ச பிரஷர் வரம்பே 17,000 பிஎஸ்ஐதான் (பிஎஸ்ஐ என்பது பிரஷர் அலகு). 9 மிமீக்கு அது 35,000. டார்கெட் லோடு அந்த 17,000-க்கும் கீழே ஓடுகிறது.

பிரஷர் குறைவாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். சுடும் கணத்தில் பித்தளைக் கேஸ் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். லேசான லோடில் அது சரியாக விரிவதில்லை. வாயு கேஸுக்கும் சுவருக்கும் நடுவே பின்பக்கமாகக் கசிகிறது. நீங்கள் பார்க்கிற அந்தக் கறுப்புக் கோடு இதனால் வருவது. எந்தப் பவுடர் போட்டாலும் மிக லேசான லோடில் இது கொஞ்சம் இருக்கும். இதை முழுதாக ஒழிக்க முயலாதீர்கள். கேஸ் வெளிப்புறக் கரி சுத்தம் செய்யும் வேலை, அவ்வளவுதான். எரியாத துகள் வேறு விஷயம். அது எக்ஸ்ட்ராக்டர் ஸ்டாருக்கு (காலி கேஸை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் போய் உட்கார்ந்தால் ஸ்டார் முழுதாக அமராது, சிலிண்டர் இறுகும், போட்டி நடுவில் ஒரு சுற்றே போய்விடும். உங்கள் சிலிண்டருக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். கவனம் வைக்க வேண்டியது இங்கேதான்.

பவுடர் மாற்றுவதற்கு முன்பே ஒன்று செய்யலாம். காலி கேஸைத் தள்ளும்போது ரிவால்வரின் முனையை நேராக வானத்தைப் பார்க்கப் பிடித்து, எக்ஸ்ட்ராக்டர் ராடை ஒரே அடியாக அழுத்துங்கள். துகள்கள் கேஸோடு சேர்ந்து கீழே விழுந்துவிடும். படுக்கை வாட்டில் மெதுவாகத் தள்ளினால் அவை ஸ்டாருக்கு அடியில்தான் சிந்தும். ரேஞ்சில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இனி பவுடர். லேசான லோடுக்கு வேகமாக எரியும் பவுடர் வேண்டும், ஏனென்றால் குறைந்த அளவிலேயே அது பிரஷரை எட்டிவிடும். இந்தக் கூட்டத்தில் மூத்தது புல்ஸ்ஐ என்ற பவுடர், போட்டியின் பெயரேதான். லாஃப்லின் அண்ட் ராண்ட் கம்பெனி 1898-இல் கொண்டுவந்தது. பிறகு ஹெர்குலிஸ் கைக்குப் போய், இப்போது அலையன்ட் பெயரில் வருகிறது. 148 கிரெய்ன் வாட்கட்டரும் புல்ஸ்ஐயும் ஒரு நூற்றாண்டு ஜோடி. தேசியப் போட்டிகள் நடக்கும் ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் தலைமுறை தலைமுறையாகச் சுட்டவர்களைக் கேளுங்கள், துல்லியத்தைப் பற்றி யாரும் குறை சொல்லமாட்டார்கள். கரி இருக்கும், ஆனால் அது மென்மையான கரி. துடைத்தால் போய்விடும். யுனீக் விடுவது போலத் துகள் விடாது. சுத்தத்தைவிடத் துல்லியம் முக்கியம் என்பவருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

டைட்குரூப் என்ற பவுடர் பற்றி நிச்சயம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சுத்தமாக எரியும், மலிவு, கேஸுக்குள் முன்னால் கிடந்தாலும் பின்னால் கிடந்தாலும் வேகம் பெரிதாக மாறாது. எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு இரண்டு தயக்கம். அது சூடாக எரிகிறது, ஈயப் புல்லட்டின் அடிப்பாகத்தையும் அதன் கோட்டிங்கையும் சுட்டுப் புகை கிளப்புகிறது. மற்றது அதன் அடர்த்தி. மிகக் கொஞ்சமாகத்தான் தெரியும், .38 கேஸில் இரண்டு தடவை விழுந்தாலும் நிரம்பி வழியாது. இந்த இரண்டாவது விஷயம் எனக்குக் கரியைவிடப் பெரியது. இரட்டை அளவு பவுடர் விழுந்த ஒரே ஒரு தோட்டா சிலிண்டரையும் அதற்கு மேலே ஓடும் டாப் ஸ்ட்ராப் சட்டத்தையும் பிளந்துவிடலாம், விரல்களும் போகலாம். ஹெச்பி-38, புல்ஸ்ஐ போட்டாலும் இந்த ஆபத்து உண்டு. அதனால் எந்தப் பவுடரோ, புல்லட்டை வைப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு கேஸின் உள்ளேயும் கண்ணால் பாருங்கள். 50 கேஸை ஒரு பிளாக்கில் வரிசையாக வைத்து டார்ச் அடித்தால் மட்டம் கூடியதும் குறைந்ததும் உடனே கண்ணில் படும். ப்ரோக்ரஸிவ் பிரஸ் (ரீலோடின் எல்லாக் கட்டங்களையும் வரிசையாகச் செய்யும் கருவி) என்றால் பவுடர் மட்டத்தைச் சோதிக்கும் டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். செலவாகத் தோன்றினால் ஒரு ரிவால்வரின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கவலைக்கே பதிலாக வந்தது ட்ரெயில் பாஸ் என்ற பவுடர். நடுவில் ஓட்டை போட்ட வட்டத் துகள்கள், பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும், இரட்டை அளவு போட்டால் கண்ணுக்குத் தெரியும். கௌபாய் ஆக்‌ஷன் போட்டிக்காரர்களுக்கு அது பிரியமானது. ஆனால் பல வருடங்களாகக் கடையில் பார்ப்பதே அரிது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

என்310, என்320 இரண்டிலும் நைட்ரோகிளிசரின் கிடையாது, நைட்ரோசெல்லுலோஸ் மட்டும். புகையும் கரியும் குறைவு என்பதைச் சுட்டவுடனே உணரலாம். விலை அதிகம் என்பது நிஜம், ஆனால் கணக்குப் போடுங்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். தோட்டாவுக்கு 3 கிரெய்ன் என்றால் 2,300-க்கு மேல் வரும். பவுண்ட் 40 டாலர் என்றால் ஒரு தோட்டாவுக்கு 2 செண்டுகூட இல்லை. 60 டாலர் என்றாலும் 3 செண்டுக்குள்தான். பிரைமருக்கும் (கேஸின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் பகுதி) புல்லட்டுக்கும் ஆகும் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. லேசான லோடில் பவுடர் விலை பார்த்துத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கிடைக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விட்டாவூரி சில மாதம் எங்கும் இருக்காது. பிடித்த லோடு அமைந்த பிறகு பவுடர் இல்லாமல் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹெச்பி-38-ஐ நான் முதலில் சொன்னதற்குக் காரணம் அது பவுடர் மெஷரில், அதாவது பவுடரை அளந்து போடும் கருவியில், ஓடும் விதம். நுண்ணிய உருண்டைத் துகள், ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரே எடை. பெரிய தட்டைத் துகள் கொண்ட யுனீக் மெஷரில் சிக்கிச் சிக்கி வரும். 3 கிரெய்ன் போடும் இடத்தில் 0.2 கிரெய்ன் கூடினாலும் குறைந்தாலும் அது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்புறம் புகை. ‘பவுடர் புகைக்கிறது’ என்று சொல்பவர்களில் பலருக்குப் புகைப்பது பவுடர் அல்ல, ஈயப் புல்லட்டின் பள்ளத்தில் தடவிய மெழுகு. உங்கள் புல்லட் அந்த வகை என்றால் பவுடர் மாற்றியும் ஏமாற்றமே மிஞ்சும். பாலிமர் கோட்டிங் போட்ட வாட்கட்டர் ஒரு சின்னப் பெட்டி வாங்கி, அந்தப் புல்லட்டுக்கு உரிய டேட்டாவோடு சுட்டுப் பாருங்கள். கோட்டிங் புல்லட்டுகளை மனதில் வைத்தே அலையன்ட் ஸ்போர்ட் பிஸ்டல் என்று ஒரு பவுடர் போட்டிருக்கிறது, அதுவும் பார்க்கத் தகுந்தது.

பவுடரைத் தொடாமல் சுத்தத்தைக் கூட்ட வேறு வழிகளும் உண்டு. வாட்கட்டரைக் கேஸ் வாயோடு மட்டமாக உள்ளே இறக்கி வைத்தால் காலி இடம் வெகுவாகக் குறையும், பவுடர் நன்றாக எரியும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 158 கிரெய்ன் ரவுண்ட் நோஸ் (உருண்டை முனை) புல்லட்டோடு அதே அளவு போட்டால் அழுக்காகத் தெரிவது இதனால்தான். ஆனால் உள்ளே இறக்கினால் பிரஷர் ஏறும். அதனால் அந்தப் புல்லட்டுக்கு, அந்த ஆழத்துக்குப் பதிப்பித்த டேட்டா மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், வேறு புல்லட்டின் எண்ணைக் கொண்டுவரக் கூடாது. கிரிம்ப்பையும், அதாவது கேஸ் வாயை இறுக்கிப் புல்லட்டைப் பிடிக்க வைப்பதையும், பாருங்கள். லேசாக விட்டிருந்தால் பிரஷர் ஏறுமுன்பே புல்லட் நழுவிவிடும். கேஸ் வாயை உள்பக்கம் மடிக்கும் நல்ல ரோல் கிரிம்ப் புல்லட்டைப் பிடித்துப் பவுடரை எரிய வைக்கும். என் அனுபவத்தில் யுனீக்கின் துகள்கூட இதனால் பாதி குறையும்.

பவுடர் அளவைக் கொஞ்சம் ஏற்றினால் சுத்தமாகிவிடுமே என்று தோன்றும். மேனுவல் வரம்புக்குள் சரி. ஆனால் அடிப்பக்கம் குழிந்த ஹாலோ பேஸ் வாட்கட்டர் போடுகிறவர் இதில் அவசரப்படக் கூடாது. அதன் மெல்லிய ஓரம் அதிக பிரஷரில் பிய்ந்து, வளையமாகக் குழலிலேயே தங்கிவிடலாம். அடுத்த குண்டு அதன்மேல் மோதும். மறுபக்கம், மெதுவான மேக்னம் பவுடரை எடுத்து லேசான லோடுக்குக் குறைப்பது கூடவே கூடாது. ஹெச்110-ஐக் குறைக்காதீர்கள் என்று ஹாட்ஜ்டனே எச்சரிக்கிறது. அது சரியாகப் பற்றாமல் புல்லட்டைக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதாகக் கேட்டால் எந்தப் பவுடராக இருந்தாலும் உடனே நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் பாருங்கள்.

எந்தப் பவுடருக்கு எத்தனை கிரெய்ன் என்று நான் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள்; மேலே சொன்ன 3 கிரெய்ன் ஒரு தோராயக் கணக்குதான். இணையத்தில் யாரோ எழுதிய எண்ணை நம்பிப் பவுடர் போடாதீர்கள், என் எண்ணையும் சேர்த்து. ஹாட்ஜ்டன், அலையன்ட், விட்டாவூரி மூன்றும் தங்கள் டேட்டாவை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. லைமன் மேனுவல் ஒன்று பெஞ்சில் இருக்கட்டும். தொடக்க அளவில் ஆரம்பித்துச் சின்னச் சின்னதாக ஏற்றுங்கள்.

புல்லட்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் இருந்தால் இன்னொரு சோதனை: ரேஞ்சில் குழலை டார்கெட் பக்கமாகக் கீழே சாய்த்து, மெதுவாக நிமிர்த்திச் சில குண்டு சுடுங்கள். பிறகு மேலே சாய்த்து நிமிர்த்திச் சில. முதலில் பவுடர் புல்லட் பக்கம் கிடக்கும், இரண்டாவதில் பிரைமர் பக்கம். வேகம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்தப் பவுடர் உங்கள் லோடுக்குப் பொருந்துகிறது. பெரிய வித்தியாசம் வந்தால் எவ்வளவு சுத்தமாக எரிந்தாலும் 50 யார்டில் குண்டுகள் மேலும் கீழும் சிதறும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் இதை வீட்டில் முயலாதீர்கள்.

கேஸில் கரி அதிகம் என்றால் அதைத் தேய்க்கும் வேலையும் அதிகம், அந்தக் கரியில் ஈயமும் இருக்கும். வழக்கமான பிரைமரிலேயே ஈயக் கலவை உண்டு. கேஸ்களை உருட்டிச் சுத்தம் செய்யும் உலர் டம்ளர் இயந்திரத்தைச் சமையலறைப் பக்கமோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ ஓட்டாதீர்கள், அதைத் திறக்கும்போது தூசு பறக்கும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் டம்ளர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ரேஞ்சிலிருந்து வந்ததும் எதையும் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை முகம் கழுவி, சட்டையைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள்.