தாவும் டீபஃப் வரும்போது ரெய்டில் யாரை எங்கே நிறுத்துவது?

கேள்வி சுருக்கமாக இது: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் பத்துப் பேர் சேர்ந்து ஆடும் ரெய்டு, ஐஸ்கிரவுன் சிட்டடெல் என்ற கோட்டை, அங்கே பாஸ் அரக்கன் ப்ரொஃபசர் புட்ரிசைட், ஹீரோயிக் என்ற கடின நிலையில். மூன்று வாரமாக அன்பவுண்ட் பிளேக் என்ற டீபஃப்பிலேயே (ஆள் மேல் ஒட்டும் கெட்ட விளைவு) மாட்டி வைப் ஆகிறது, அதாவது எல்லோரும் சாகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது யாரிடம் இருந்ததோ அவரை ரெய்டு லீடர் திட்டுகிறார். ஓடச் சொன்னார்கள், ஓடினார். நிற்கச் சொன்னார்கள், நின்றார். இரண்டிலும் செத்தார். என்னதான் செய்வது?

முதலில் திட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் மேல் தப்பே இருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பெரும்பாலும் தப்பு, அந்த நேரத்தில் டீபஃப் இல்லாமல் நிம்மதியாக நின்றுகொண்டிருந்த மற்ற ஒன்பது பேரிடம்தான் இருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இதே பாஸிடம் இதே காரணத்துக்காக நாங்களும் எக்கச்சக்கமாகச் செத்திருக்கிறோம். 2023 அக்டோபரில், கேமின் பழைய பதிப்பை மறுபடி வெளியிட்ட ராத் கிளாசிக்கில் சிட்டடெல் திறந்தபோது ஐரோப்பிய சர்வர் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தேன். அங்கே இரவு 8 மணி ரெய்டு என்றால் சென்னையில் 11:30. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைத்ததும் 12:30. மறுநாள் ஆபீஸ். ஒவ்வொரு வைப்பும் என் தூக்கத்திலிருந்து கழிந்தது என்பதால், எதனால் சாகிறோம் என்று உட்கார்ந்து யோசிக்க எனக்கு நல்ல காரணம் இருந்தது.

இந்தச் சண்டையை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அன்பவுண்ட் பிளேக் ஹீரோயிக்கில் மட்டும் வரும். யாராவது ஒருவர் மேல் விழும். விநாடிக்கு விநாடி அடிக்கும், அடி ஏறிக்கொண்டே போகும். ஆயுள் ஒரு நிமிடம். ஒரே ஆள் அந்த ஒரு நிமிடத்தையும் தாங்க முடியாது, உயிரேற்றும் ஹீலர்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஆனால் பக்கத்தில் யாராவது வந்தால் அது அவரிடம் தாவிவிடும். கொடுத்தவர் மேல் பிளேக் சிக்னஸ் என்ற இன்னொரு டீபஃப் ஒட்டிக்கொள்ளும். அது இருக்கும்போது பிளேக் மறுபடி வந்தால் அடி பல மடங்கு, ஆள் காலி. டெட்லி பாஸ் மாட்ஸ் என்ற ஆட்ஆன் (கேமோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) போட்டிருந்தால் பிளேக் விழுந்ததும் ஒரு நேரப் பட்டை ஓடுமே, அது 60 விநாடிக்கு ஓடாது, 12 விநாடிக்குத்தான் ஓடும். அதற்கு மேல் வைத்திருக்காதே என்று அர்த்தம். 60ஐ 12ஆல் வகுத்தால் ஐந்து பேர். பத்துப் பேரில் பாதிப் பேர் வாங்கிக் கொடுத்தாக வேண்டும்.

இந்த விளக்கத்தில் எங்கள் கண்ணில் படாமலே போன சொல் 'பக்கத்தில்'. பிளேக்கை யாருக்குக் கொடுப்பது என்பதை வைத்திருப்பவர் முடிவு செய்வதில்லை. தூரம் முடிவு செய்கிறது. நீங்கள் ஹன்டரை (மேஜ், வார்லாக், ரோக் மாதிரி இதுவும் ஒரு பாத்திர வகை) நோக்கி ஓடுகிறீர்கள், வழியில் ஹீலர் நின்றால் ஹீலருக்குப் போகும். ஏற்கெனவே சிக்னஸ் உள்ளவர் நின்றால் அவருக்கும் போகும். அது வரிசை பார்க்காது.

இதே சிட்டடெலில் பிளட் குவீன் லானாதெல் இருக்கிறாள். அங்கேயும் ஒன்று கைமாறுகிறது: அவள் கடித்தவர் நேரம் வந்ததும் இன்னொருவரைக் கடிக்க வேண்டும், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகும். கடிக்கத் தவறினால் அவள் பக்கம் போய் நம்மையே அடிப்பார். ஆனால் யாரைக் கடிப்பது என்பது கடிப்பவர் கையில் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு பெயர்ப் பட்டியல் போதும். இவர் அவரைக் கடிக்க வேண்டும் என்று எழுதிப் போட்டால் வேலை முடிந்தது. எங்கள் ரெய்டு லீடர் லானாதெலுக்குப் போட்ட பட்டியலைப் பெருமையாகப் புட்ரிசைட்டுக்கும் கொண்டுவந்தார். 'முதலில் மேஜ், அப்புறம் வார்லாக், அப்புறம் பிரீஸ்ட்.' பட்டியல் அருமையாகத்தான் இருந்தது. மேஜ் வார்லாக்கைத் தேடி ஓட, வார்லாக் மேஜைத் தேடி ஓட, நடுவில் பாலடின் வாங்கிக்கொண்டு செத்தார். அன்று இரவு ஏழு தடவை.

தாவும் டீபஃப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது ஆளா, தூரமா? ஆள் என்றால் பெயர்ப் பட்டியல். தூரம் என்றால் தரையில் இடம்.

நாங்கள் கடைசியில் செய்தது சின்ன வயதில் வட்டமாக உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் துணி போடுவோமே, அந்த விளையாட்டு மாதிரி. உட்கார்ந்திருப்பவர் அசைய மாட்டார். துணி கையில் இருப்பவர் மட்டும் ஓடுவார். புட்ரிசைட் அறையில் பச்சை ஊஸ் (கூழ் உருவம்) வரும் பக்கம், ஆரஞ்சு மேகம் வரும் பக்கம் என்று இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும். அந்த இரண்டையும் வைத்து, தள்ளி நின்று அடிக்கும் ரேஞ்ச்டு ஆட்களுக்கும் ஹீலர்களுக்கும் ஐந்து இடம் குறித்தோம். ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி. எவருடைய இடத்துக்கும் மற்றவர் இடத்தைக் கடக்காமல் போக வழி இருக்க வேண்டும். இதுதான் ஒரே கட்டுப்பாடு. பிளேக் வந்தவர் கடிகாரம் சுற்றும் திசையில் அடுத்த இடத்துக்குப் போவார். கொடுப்பார். காலியான தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். வாங்கியவர் தனக்கு அடுத்தவரிடம் போவார். யார் பெயரையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, எனக்கு அடுத்து யார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அடுத்தவர் செத்துக் கிடந்தால் அதற்கும் அடுத்தவர்.

வாங்குகிறவர் ஏன் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம். சென்னையிலிருந்து எனக்கு எப்போதும் 150க்கு மேல்தான், மழை நாளில் 200. இந்த கேமில் சாதாரண ஓட்ட வேகம் விநாடிக்கு 7 யார்டு. 200 மில்லி விநாடி தாமதம் என்றால், நான் உங்கள் திரையில் தெரிகிற இடத்துக்கும் நான் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை யார்டு வித்தியாசம். இரண்டு பேரும் ஓடினால் இரண்டு பேருடைய தவறும் சேரும். ஒருவர் நின்றுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. 'நான் பக்கத்தில் வந்தேனே, ஏன் போகவில்லை' என்று டிஸ்கார்டில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு இதுதான் விடை.

நெருங்கி நின்று அடிக்கும் மெலீ ஆட்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். பாஸ் காலடியில் ஒட்டி நிற்கிற கூட்டத்தில் பிளேக் விழுந்தால், வெடிக் கட்டுக்குள் தீக்குச்சி விழுந்த கதை. மெலீயில் யாருக்கு வந்தாலும் உடனே வெளியே, பாஸை விட்டு நேராகப் பின்னால், மிக அருகில் உள்ள குறித்த இடத்துக்கு. டேமேஜ் போகிறதே என்று ஒரு அடி கூடுதலாக அடிக்க நிற்கிறவர்தான் வைப்புக்குக் காரணம். எங்கள் ரோக் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, இடம் போட்டாகிவிட்டது. அப்புறம்தான் உண்மையான தலைவலி: பச்சை ஊஸ். அது ஒருவரைப் பிடித்து வேரோடு நிறுத்திவைத்துவிட்டு அவரை நோக்கி ஊர்ந்து வரும். வந்து சேர்ந்ததும் வெடிக்கும். வெடிக்கும் அடியைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதாவது எல்லோரும் அவரிடம் கூடி நிற்க வேண்டும். பிளேக்கோ எல்லோரும் தள்ளி நில் என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போது என்ன செய்வது? பிளேக் உள்ளவர் மட்டும் கூட்டத்துக்கு வர மாட்டார். பங்கு ஒன்று குறைந்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக அடி விழும், ஹீலர்கள் சமாளித்துவிடலாம். ஊஸ் பிடித்தவரிடமே பிளேக் இருந்துவிட்டால்? அவரால் நகர முடியாது, அப்போது மட்டும் அடுத்த இடத்துக்காரர் அவரிடம் போய் வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்விட வேண்டும், கூட்டம் சேர்வதற்கு முன்பே. நாங்கள் உட்கார்ந்து பேசிய ஒரே விதிவிலக்கு இதுதான். ஆரஞ்சு மேகம் துரத்துகிறவருக்கு இதில் பங்கே கிடையாது. அவர் ஓடட்டும், அவரைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போங்கள்.

அபாமினேஷன் என்ற பூதமாக உருமாறுகிற டேங்க்கிடமும் (அரக்கர்களின் அடியைத் தாங்கி நிற்பவர்) ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர் தரையில் பரவும் சகதியைத் தின்றுகொண்டே இருக்க வேண்டும், அதிலும் நாம் குறித்த ஐந்து இடங்களைச் சுற்றி உள்ளதை முதலில். கண்ணில் பட்டதை எல்லாம் வரிசையாகத் தின்றால் கடைசிக் கட்டத்தில் நம் இடங்கள் சகதியில் மூழ்கிக் கிடக்கும். நிற்க இடமில்லாத திட்டத்தை வைத்து என்ன செய்வது?

குரல் கொடுப்பதைப் பற்றி. எங்கள் பத்துப் பேரில் மூன்று பேர் தமிழ். ரெய்டு சாட்டில் எங்களுக்குள் தமிழில் எழுதிக்கொள்வோம். 'பாஸ்' என்று எழுதினால் அது அரக்கனா, கைமாற்றச் சொல்வதா, அல்லது 'என்ன பாஸ்' என்று நண்பனைக் கூப்பிடுவதா? ஒருமுறை இதனாலேயே ஒருவர் செத்தார். அதனால் 'கைமாத்து' என்று வைத்துக்கொண்டோம். மாதக் கடைசியில் நண்பனிடம் வாங்குவோமே, அதே கைமாத்து. வாங்கியதைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும் என்பதால் பொருத்தமாகவும் இருந்தது. நாளாக நாளாக எங்கள் போலந்து டேங்க்கும் மைக்கில் 'கைமாத்து, கைமாத்து' என்று கத்த ஆரம்பித்தார். அர்த்தம் சொல்லிக் கொடுத்தோம். அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

சொல் எதுவானாலும் இருக்கட்டும், அதைச் சொல்ல வேண்டியவர் பிளேக் உள்ளவர் அல்ல. அவர் காலைப் பார்ப்பாரா, தரையைப் பார்ப்பாரா, தன் ரத்தம் இறங்குவதைப் பார்ப்பாரா? ஹீலர்களில் ஒருவர் 10ஆவது விநாடியில் சொல்லட்டும். பட்டை அவர் கண்ணில் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்கியவர் மட்டும் 'வந்தாச்சு' என்று ஒரு வார்த்தை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதைத் தாண்டி சிட்டடெலின் கடைசி பாஸான லிச் கிங்கிடம் போகும்போது இதே பாடத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே நெக்ரோடிக் பிளேக் என்று ஒன்று. அதை டிஸ்பெல் செய்ததும், அதாவது மந்திரத்தால் நீக்கியதும், பக்கத்தில் இருக்கும் யாருக்காவது தாவும். நம் ஆளுக்கும் தாவும், அவன் வரவழைக்கும் ஷாம்ப்ளிங் ஹாரர் என்கிற பிணத்துக்கும் தாவும். ஐந்து விநாடிக்கு ஒருமுறைதான் அடி, ஆனால் முதல் அடியிலேயே ஆள் போய்விடுவார். அங்கே நாம் வேண்டுவது அது நமக்குள் சுற்றுவது அல்ல, ஹாரர் மேல் போய் உட்காருவது. பிளேக் உள்ளவர் டேங்க் பிடித்து வைத்திருக்கும் ஹாரரிடம் ஓடுவார், ஒட்டி நின்றதும் டிஸ்பெல். அவர் ஓடி முடிக்கும் முன் ஆர்வக்கோளாறில் டிஸ்பெல் செய்தால் வழியில் நிற்பவர் செத்தார். தாவும் நேரம் அங்கே டிஸ்பெல் செய்பவரின் விரலில் இருக்கிறது. டிரூயிட்டால் இந்த நோயை நீக்க முடியாது. பிரீஸ்ட், பாலடின், ஷாமன் என்று மூன்று பேரில் ஒருவர் வேண்டும். எங்களிடம் இருந்த இரண்டு ஹீலர்களில் ஒருவர் டிரூயிட், அந்த வேலை முழுக்க பிரீஸ்ட் தலையில்.

தூரம் பார்த்துத் தாவுகிற சாபம் இந்த கேமில் எவ்வளவு பழசு என்றால், 2005 செப்டம்பர் 13 அன்று திறந்த சுல்குருப் ரெய்டிலேயே இருந்தது. ஹக்கார் என்ற பாஸின் கரப்டட் பிளட் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் ஒட்டும். ரெய்டுக்குள் இருந்தவரை பிரச்சினை இல்லை. ஹன்டர்கள் தங்கள் பெட்டை (கூடவே வரும் விலங்கை) அந்த நோயோடு உள்ளே இழுத்துக்கொண்டு, ஊருக்குள் போய் வெளியே விட்டார்கள். கூட்டமாக நின்ற நகரங்களில் பரவி, கீழ்நிலை ஆட்டக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். இரண்டு வருடம் கழித்து லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் அதை வைத்து ஆய்வுக் கட்டுரையே வந்தது. அதைப் படிக்கும்போது எனக்கு நோயைப் பரப்பிய ஹன்டர்கள்கூடப் பெரிதாகத் தெரியவில்லை; என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் வந்து நின்றவர்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எங்கள் ரோக் மாதிரி.

உங்கள் ரெய்டுக்கு வருவோம். அடுத்த முறை போகும்போது முதல் இரண்டு புல்லை (சண்டையைத் தொடங்கும் முயற்சியை) பாஸைக் கொல்வதற்காகச் செலவழிக்காதீர்கள். அவன் ரத்தம் 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல் அடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்திலேயே நிற்பான். ஐந்து இடத்திலும் ஆள் நின்று, பிளேக் ஒரு முழுச் சுற்று வரும்வரை கைமாற்றிப் பாருங்கள். பச்சை வரும்போது ஒருமுறை, வராதபோது ஒருமுறை. 'டேமேஜ் மீட்டரில் என் எண் விழுகிறது' என்று முனகுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். நாங்கள் இப்படிச் செய்த ராத்திரி மூன்றாவது புல்லில் முதல் தடவையாக மூன்றாம் கட்டத்தைப் பார்த்தோம், ஆறாவதில் அவன் விழுந்தான். சென்னையில் மணி 2:50. கடைசிக் கைமாத்து அப்போது என்னிடம்தான் இருந்தது, கொடுக்க ஆள் இல்லை, பட்டையில் இன்னும் நாலு விநாடி பாக்கி.