இயந்திரம் எங்கே நேரத்தை இழக்கிறது? ஓ.இ.இ. கேள்வி பதில்

கோவை இயந்திரப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். ஓ.இ.இ. (Overall Equipment Effectiveness) என்பது, இயந்திரத்துக்குக் கிடைத்த நேரத்தில் எத்தனை சதவீதம் நல்ல உருப்படி செய்யப் பயன்பட்டது என்று சொல்லும் எண். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து: ஓ.இ.இ. கணக்கை எடுத்துக்காட்டோடு விளக்குங்கள்.

480 நிமிட ஷிப்டில் உணவு இடைவேளை போக 450 நிமிடம். பழுது, செட்டிங் (அடுத்த ஜாப்புக்கு இயந்திரத்தை மாற்றி அமைப்பது), பொருளுக்காகக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து 75 நிமிடம் போயிற்று. ஓடியது 375, அதாவது 83.3 சதவீதம். ஓர் உருப்படிக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 375 நிமிடத்தில் 250 வந்திருக்க வேண்டும். வந்ததோ 200. வேகம் 80 சதவீதம். அதில் 10 கழிவு, தரம் 95. மூன்றையும் பெருக்கினால் 63.3 சதவீதம். சரிபார்க்க, நல்ல உருப்படி 190 × 1.5 = 285. அதை 450-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஓசூரிலிருந்து: எங்களுக்கு 62 வருகிறது. மேலாளர் 85 கேட்கிறார்.

85 என்ற எண்ணுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஜப்பானின் பராமரிப்பு நிபுணர் செய்ச்சி நகஜிமா ஓடும் நேரத்துக்கு 90, வேகத்துக்கு 95, தரத்துக்கு 99 என்ற மூன்று இலக்குகளை வைத்தார். பெருக்கினால் ஏறக்குறைய 85. எல்லா ஆலைக்கும் பொருந்தும் தேர்ச்சி மதிப்பெண் அல்ல அது. உங்கள் 62-ஐ உங்களுடைய சென்ற மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த எண்ணை ஆபரேட்டரின் ஊக்கத்தொகையோடு கட்டாதீர்கள். கட்டிய மறுநாளே நின்ற நேரம் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும்.

திருமுடிவாக்கத்திலிருந்து: வேகம் 112 சதவீதம் வருகிறது. மகிழலாமா?

கூடாது. உருப்படிக்கு எழுதிவைத்த நேரம் தவறு. இயந்திரத்தின் அருகே நின்று கடிகாரம் வைத்து அளந்து திருத்துங்கள்.

குறிச்சியிலிருந்து: ஜாப் ஒர்க் செய்கிறோம். ஒரே நாளில் நான்கு ஜாப் மாறும். செட்டிங் இயந்திரத்தின் குற்றமில்லையே, அதைக் கழித்துவிடலாமா?

கழிக்காதீர்கள். குற்றம் யாருடையது என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை; நேரம் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறது. கழித்துவிட்டால் உங்கள் மிகப் பெரிய இழப்பு கண்ணில் படவே படாது.

ஓசூர்க்காரர் மீண்டும்: குறிச்சி நண்பர் கேட்பது நியாயம்தானே? ஆண்டு முழுதும் ஒரே உருப்படி ஓட்டும் ஆலையின் அளவுகோலை அவரிடம் வைக்கலாமா?

ஒப்பிடக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அளக்கக் கூடாது என்பதில் இல்லை. டொயோட்டாவில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஆயிரம் டன் பிரஸ் இயந்திரத்துக்கு டை (வடிவம் தரும் அச்சு) மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. 1969-இல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ முதலில் அதை ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்றே நிமிடத்துக்கும் குறைத்தார். இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையையும் நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டிய வேலையையும் பிரித்ததுதான் வழி. 'செட்டிங் இழப்பே இல்லை' என்று அவர்கள் கழித்திருந்தால் இது நடந்திருக்குமா?

குறிச்சிக்காரர்: அவர்களிடம் பணம் இருந்தது. எங்களிடம் இரண்டு சி.என்.சி. லேத்தும் ஒரு செட்டரும்தான்.

பணம் பிறகுதான் வேண்டும். நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரு செட்டிங் முழுவதையும் பக்கத்தில் நின்று எழுதினோம். 70 நிமிடம். அதில் 25 நிமிடம் செட்டர் லேத்தின் அருகிலேயே இல்லை. இன்சர்ட்டுக்கு (வெட்டுமுனை) ஸ்டோர், வரைபடத்துக்கு அலுவலகம், கேஜுக்கு (அளவு பார்க்கும் கருவி) தர ஆய்வு அறை என்று நடந்துகொண்டிருந்தார். அடுத்த ஜாப்புக்கு வேண்டியதை முந்தைய ஜாப் ஓடும்போதே ஒரு தள்ளுவண்டியில் எடுத்துவைத்தோம். அந்த 25 நிமிடத்தில் பெரும்பகுதி மிச்சமானது. வண்டி பழையது, செலவு இல்லை. ஒரே ஒரு செட்டிங்கை இப்படி எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள், மேலே பேசுவோம்.

ராஜபாளையத்திலிருந்து: நூல் நூற்கும் ரிங் பிரேமுக்கும் இதே கணக்கா?

நூற்பாலையில் ஸ்பிண்டில் ஒன்றுக்கு ஒரு ஷிப்டில் எத்தனை கிராம் என்று பார்ப்பார்கள். அது என் துறையல்ல. கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவைக் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து: 78 நல்ல எண்ணா?

ஓசூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சேலத்திலிருந்து: எத்தனை சதவீதம் இருந்தால் போனஸ் தரலாம்?

எத்தனை இருந்தாலும் இதை வைத்துத் தராதீர்கள். முன்பே சொன்னேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து: சென்சார், மென்பொருள் வாங்கலாமா?

முதலில் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். இயந்திரம் நின்றதைச் சென்சார் சொல்லும். ஏன் நின்றது என்பதை ஆபரேட்டர்தான் சொல்ல வேண்டும். அவர் 'மற்றவை' என்று எழுதும் இடங்களை எண்ணுங்கள். அது அதிகமாக இருக்கும்வரை வாங்க வேண்டாம்.