ஷாம்பிள்ஸ், பெட்லம், மெஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஷாம்பிள்ஸ், பெட்லம், ஹாவக், மெஸ், ஹிகில்டி-பிகில்டி என்றெல்லாம் அடிக்கடி வருகின்றன. அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் குழப்பம், அலங்கோலம் என்றே இருக்கிறது. ஓசை நயத்துக்காகவே இத்தனை சொற்களைச் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எல்லா இடத்திலும் 'களேபரம்' என்று போட்டுவிடலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

போட்டுவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் ஓசைக்காகப் பிறந்தது என்று சொல்லத்தக்கது ஹிகில்டி-பிகில்டி ஒன்றுதான். மற்ற நான்கும் முதலில் அலங்கோலத்தைக் குறித்தவையே அல்ல. ஒன்று பலகை, ஒன்று மருத்துவமனை, ஒன்று போர்க்களக் கூவல், ஒன்று சாப்பாடு. எந்த ஆண்டில் எழுதிய வாக்கியம் என்று பார்க்காமல் இவற்றைத் தொட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷாம்பிள்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குச் சின்ன முக்காலி என்று பொருள். பிறகு கடைக்காரர் சரக்கைப் பரப்பும் பலகை ஆனது. அதிலும் இறைச்சி வைக்கும் பலகை. பன்மையில் சொன்னால் கசாப்புக் கடைத்தெரு. இங்கிலாந்தின் யார்க் நகரில் அந்தப் பெயரிலேயே ஒரு குறுகிய தெரு இன்றும் இருக்கிறது. 1872-இல்கூட அங்கே 25 இறைச்சிக் கடைகள் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை, எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள். ஆனால் இறைச்சியைத் தொங்கவிட்ட கொக்கிகளும் பரப்பி வைத்த பலகைகளும் சில கடைகளின் முகப்பில் அப்படியே இருக்கின்றன. இரத்தமும் கழிவும் கழுவிவிட்டால் ஓடிப்போவதற்காக இரண்டு பக்கமும் நடைபாதையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஒழுங்காக யோசித்து அமைத்த தெரு!

கடைத்தெருவிலிருந்து அந்தச் சொல் அறுப்புக்கூடத்துக்குப் போனது. அங்கிருந்து, மனிதர்கள் வெட்டுண்டு கிடக்கும் களத்துக்கு. கலைந்து கிடக்கும் அறையைப் பார்த்து ஷாம்பிள்ஸ் என்பதெல்லாம் இருபதாம் நூற்றாண்டு வழக்கம். 1611-இன் ஆங்கில பைபிளில், ஷாம்பிள்ஸில் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'கடை' என்று அடக்கமாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கட்டுரைகளில் வருவதும் பெரும்பாலும் கசாப்புக் கடையாகவோ அறுப்புக்கூடமாகவோதான் இருக்கும். சென்னை வாசகர்களுக்கு ஆட்டுத்தொட்டி என்றால் சட்டென்று விளங்கும்.

மெஸ் நமக்கு இன்னும் நெருக்கம். பந்திக்கு அனுப்பப்பட்ட ஒரு பங்கு உணவுதான் அது. அதே பைபிளில் யோசேப்பு தன் சகோதரர்களுக்கு 'மெஸ்' அனுப்புகிறான், பென்யமீனுக்கு மட்டும் ஐந்து மடங்கு. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுபவர்களின் குழுவுக்கும், பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்னொரு பக்கம், கலந்துகட்டிய கூழ், விலங்குகளுக்கு ஊற்றும் தீனி என்று இறங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளறுபடி என்றானது. நம்மூரில் மத்தியானம் 'மெஸ்ஸுக்குப் போறேன்' என்பவர் பழைய பொருளைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்துக்காரர் வீட்டு அறையைப் பார்த்துச் சொல்வது அதன் கடைசி நிலை.

ஹாவக் என்பது, இனி கொள்ளையடிக்கலாம் என்று படைவீரர்களுக்குத் தெரிவிக்கும் கூவல். அனுமதியில்லாமல் அப்படிக் கூவுகிறவன் தலை போகும் என்று 1385-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் போர் விதிகள் சொல்கின்றன. நீங்கள் மொழிபெயர்க்கும் காலத்தில் அது பேரழிவு என்ற பொருளுக்கு வந்துவிட்டது. 'சூறையாட்டம்' என்று போட்டால் பழைய வாசனையும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

பெட்லம்தான் எனக்கு உறுத்துவது. லண்டனில் 1247-இல் தொடங்கிய பெத்லகேம் மடம் பின்னாளில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஆனது. பேச்சுவழக்கில் அந்தப் பெயர் தேய்ந்துதான் பெட்லம். பதினெட்டாம் நூற்றாண்டில் காசு கொடுத்துவிட்டு உள்ளே போய் நோயாளிகளை வேடிக்கை பார்க்கலாம். விடுமுறை நாளென்றால் கூட்டம் அலைமோதும். 1770-இல்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். அங்கே எழுந்த கூச்சலில் பாதி வேடிக்கை பார்க்க வந்தவர்களுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் பெயர் என்னவோ நோயாளிகளின் வீட்டுக்கு. அந்த மருத்துவமனை இடம் மாறி, லண்டனின் தெற்குப் புறநகரில் இன்றும் நடக்கிறது.

ஓசைச் சொல்லையும் லேசாக எண்ணிவிட வேண்டாம். 1859 டிசம்பரில் டார்வின் தன் நண்பரான புவியியலாளர் லயலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பரிணாமம் பற்றிய தன் புதிய நூலை வானியலாளர் ஹெர்ஷல் 'ஹிகில்டி-பிகில்டி விதி' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன், என்ன அர்த்தமென்று சரியாக விளங்கவில்லை, ஆனால் ஏளனம் என்பது தெரிகிறது என்று அதில் குறைப்பட்டுக்கொள்கிறார். அந்த மாதிரி இடத்தில் 'தாறுமாறு' போதும்.

இனி உங்கள் களேபரம். பழைய தமிழ் நூல்களில் அதற்கு உடம்பு என்று பொருள், உயிர் போன உடம்பு என்றும் உண்டு. இன்றைய வாசகர் அமளி என்றே படிப்பார் என்பதால், நீங்கள் அதைப் பெட்லத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் வாக்கியம் மருத்துவமனையைக் குறிக்கவில்லை என்று உறுதியான பிறகு. மருத்துவமனையைக் குறித்தால் பெயரை அப்படியே விட்டு, அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.