விடுவித்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். காட்டுயிர் ஆராய்ச்சிகளுக்கு ஒப்புதல் தரும் விலங்கு நெறிமுறைக் குழு ஒன்றில், அறிவியல் துறை சாராத உறுப்பினராக வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஊதியம் கிடையாது. மாதிரிக்குத் தந்த விண்ணப்பங்களில் பாதி எனக்குப் புரியவில்லை. எறும்பை மிதிக்கவும் மனம் வராத நான், விலங்குகளைப் பிடிக்கவும் மயக்க ஊசி போடவும் சம்மதித்துக் கையெழுத்திடுவது பாவமில்லையா? உள்ளே இருந்தால் சிலவற்றையாவது தடுக்கலாம் என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

போங்கள். பாவ புண்ணியத்தை உங்கள் மனசாட்சியிடமே விட்டுவிடுகிறேன். விண்ணப்பம் புரியவில்லை என்றால் புரியும்படி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். புரியாததைக் கேளுங்கள் என்று வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னவர், தான் கேட்க வேண்டிய நேரத்தில் கூசலாமா?

ஆனால் தடுப்பதற்காகவே போவதானால் தயவுசெய்து போகாதீர்கள். ஒரு விலங்கு எங்கே நீர் குடிக்கிறது, எந்தச் சாலையைக் கடக்கிறது என்று தெரியாமல் அதன் காட்டைக் காப்பாற்ற முடியாது. வருகிற விண்ணப்பத்துக்கெல்லாம் மறுப்பு எழுதும் உறுப்பினரின் பேச்சுக்குக் குழுவில் சீக்கிரமே மதிப்பில்லாமல் போய்விடும். அவர் நியாயமாகப் பேசும் நாளிலும் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.

நானும் அப்படி ஒரு குழுவில் இருந்தவன். உங்கள் கடிதம் வந்தபோது மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம்தான். பொறியின் அளவு, மருந்தின் அளவு, கருவியின் எடை எல்லாவற்றையும் விண்ணப்பங்கள் விரிவாகச் சொல்லும். கடைசியில் 'பிடித்த இடத்திலேயே விடுவிக்கப்படும்' என்று ஒரு வரி வரும். அதோடு விலங்கின் கதை முடிந்துவிடும். குழுவும் அடுத்த தாளைப் புரட்டும். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

மானைத் துரத்திப் பிடிக்கிறார்கள். அது போகும் இடங்களைக் காட்டும் கழுத்துப்பட்டையை மாட்டி விடுகிறார்கள். அது எழுந்து ஓடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. பிடிபட்ட பதற்றத்தில் தசைகள் சிதைந்து, சில நாட்கள் கழித்து அது எங்கோ ஒரு புதரில் விழுந்து சாகலாம். கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த நோய் இது. தன் காலால் நடந்து போனது என்பதற்காக அது பிழைத்துக்கொண்டது என்று எப்படி எழுத முடியும்?

பெங்குவின்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் காண்பதற்காகப் பல பத்தாண்டுகளாக அவற்றின் துடுப்பிறக்கையில் உலோகப் பட்டை மாட்டி வந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த காயம் இல்லை, ஆகவே தீங்கும் இல்லை என்று பலர் நம்பினார்கள். அரசப் பெங்குவின்களில் பட்டை மாட்டியவற்றையும் மாட்டாதவற்றையும் பத்து ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த முடிவு 2011இல் வெளிவந்தது. பட்டை மாட்டியவற்றில் உயிர்பிழைப்பு 16 விழுக்காடு குறைவு, குஞ்சுகள் 39 விழுக்காடு குறைவு. நீந்தும்போது பட்டை நீரை எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. பறவை இனப்பெருக்கத்துக்குக் கரை சேர்வதே தாமதமாகிறது. பறவைக்கு நேர்ந்தது ஒரு பக்கம். அந்தப் பட்டைகளை நம்பி, கடல் வெப்பத்தால் பெங்குவின்கள் குறைகின்றன என்றெல்லாம் எழுதிய முடிவுகளில் எவ்வளவு வெப்பத்தின் வேலை, எவ்வளவு பட்டையின் வேலை? விலங்கின் நலம் வேறு, ஆராய்ச்சியின் தரம் வேறு என்று உங்கள் குழுவில் யாராவது பிரித்துப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சியாளர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு விடியற்காலையில் களத்துக்குப் போயிருந்தேன். வலையில் சிக்கிய சிறு பறவையை ஓர் இளம் ஆய்வாளர், கழுத்து இரு விரல்களுக்கிடையே வரும்படி, அழுத்தாமல் பிடித்திருந்தார். காலில் மாட்டும் அடையாள வளையமும் இடுக்கியும் தயாராக இருந்தன. பறவை அலகைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அளவுகோலைக்கூட எடுக்கவில்லை. நிழலில் குனிந்து விரல்களைத் திறந்துவிட்டார். அவருடைய கணக்கில் ஒரு பறவை குறைந்தது. எந்தக் குழுவும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. ஆனால் 'பறவை திணறினால் அளக்காமல் விடுவேன்' என்று விண்ணப்பத்திலேயே எழுதச் செய்தால், அந்த மனம் வாய்க்காத இன்னொருவர் கையில் இருக்கும் பறவைக்கும் அது உதவும்.

நீங்கள் கணக்கு ஆசிரியை, உங்களுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. எத்தனை விலங்குகளைப் பிடிக்கப்போகிறார்கள், ஏன் அத்தனை என்று கேளுங்கள். தேவைக்கு மேல் பிடிப்பது தவறு என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு முடிவுக்கும் வர முடியாத அளவுக்குக் குறைவாகப் பிடிப்பதும் தவறுதான், பிடிபட்டவை பட்ட பாடெல்லாம் வீண். கேமராவோ எச்சமோ உதிர்ந்த முடியோ போதுமென்றால் பிடிக்கவே வேண்டாமே என்றும் கேளுங்கள்.

முதல் கூட்டத்துக்கு முன், முடிந்துபோன ஆய்வுகளின் இறுதி அறிக்கைகளைக் குழுச் செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள். விடுவித்த விலங்குகளில் எத்தனை மறுபடி கண்ணில் பட்டன என்று தேடுங்கள். அந்த எண் இல்லாத அறிக்கைகளைத் தனியாக எடுத்துவைத்து, கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

அன்புடன்.