டாங்ராவுல அம்மாவுக்குன்னு தனி கடாய் வச்சிருந்த கடை

"மூடிட்டாங்களேன்னு இன்னிக்கும் நினைச்சு வருத்தப்படற ஹோட்டல் எது"ன்னு கேட்டிருந்தீங்க.

எனக்கு அது கொல்கத்தா டாங்ராவுல இருந்த ஒரு சின்ன சைனீஸ் கடை. பேர் போட மாட்டேன், அந்த குடும்பத்துக்கு அதெல்லாம் பிடிக்காது. எங்க வீட்ல அதுக்கு எப்பவுமே "திதி கடை"ன்னுதான் பேர். திதின்னா பெங்காலில அக்கா. கல்லால உக்காந்திருந்த சீன ஆண்டிய அம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க, அந்த ஆண்டி அம்மாவ பௌதின்னு, அதாவது அண்ணின்னு கூப்பிடுவாங்க. ஒருத்தருக்கு அக்கா இன்னொருத்தருக்கு அண்ணி, முறை எப்படி வருதுன்னு ரெண்டு பேருமே கேட்டுக்கல.

நாங்க எப்படி அங்க போனோம்னு சொல்லணும். எங்க ஊர் ஆம்பூர். அப்பா தோல் பதனிடற கெமிக்கல் விக்கிற கம்பெனியில சேல்ஸ்ல இருந்தார். 1988ல கல்கத்தாவுக்கு மாத்திட்டாங்க, அப்ப நான் மூணாவது, தம்பி இன்னும் ஸ்கூலே சேரல. கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல ஒரு நாளுக்கு மேல உக்காந்து போய் ஹவுராவுல இறங்கி, என்டாலி பக்கம் சிஐடி ரோட்ல ஒரு மாடி வீடு. தமிழ்க்காரங்க எல்லாம் லேக் மார்க்கெட் பக்கம் இருந்தாங்க, அங்க போனா கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும், ஆனா அப்பாவுக்கு வேலை டாங்ராவுல இருந்ததால நாங்க இந்த பக்கம் வந்துட்டோம். அக்கம்பக்கம் ஒருத்தர் கூட தமிழ் இல்ல. அம்மாவுக்கு இந்தியும் தெரியாது பெங்காலியும் தெரியாது. முதல் ரெண்டு மாசம் சாயந்திரம் ஆனா ஜன்னல் பக்கத்துல நின்னுட்டு இருப்பாங்க, அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா எங்கள டாங்ராவுக்கு கூட்டிட்டு போனார். வீட்ல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள நடந்துடலாம். ரெண்டு பக்கமும் உயரமான மதில், பெரிய பெரிய இரும்பு கேட்டு, கேட்டு மேல சீன எழுத்து, நடுவுல நீலமும் கருப்புமா ஓடற சாக்கடை. ஜனம் எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு போயிட்டு இருந்தது. அம்மா அங்க நின்னு ஒரு தடவ மூச்சை நல்லா இழுத்துட்டு, "ஏங்க, நம்ம பாலாத்தங்கரை வாசனை அடிக்குதுங்க"ன்னாங்க. கல்கத்தா வந்ததுல இருந்து அன்னிக்குத்தான் அம்மா சிரிச்சு பாத்தேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பொறந்தவங்களுக்கு அது புரியும். பச்சத்தோலும் சுண்ணாம்பும் க்ரோமும் சேந்த அந்த நாத்தம்தான் எங்களுக்கு ஊர் வாசனை. டாங்ராவுல அந்த தொழில் பெரும்பாலும் ஹக்காங்கற சீன இனத்து ஆளுங்க கையில இருந்தது. தோலைத் தொடறது தீட்டுன்னு மத்தவங்க ஒதுங்கின வேலைய இவங்க எடுத்துக்கிட்டு, சதுப்பு நிலமா கிடந்த இடத்துல டேனரி, அதாவது தோல் பதனிடற தொழிற்சாலை கட்டி, மூணு நாலு தலைமுறையா நடத்தினாங்க. அப்பாவோட வாடிக்கைக்காரங்க எல்லாரும் அவங்கதான்.

கடைன்னு சொன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு டேனரியோட முன்பக்கம், அவ்ளோதான். தோல் வாங்க வர்ற வியாபாரிங்களுக்கு வீட்ல சமைச்சு போட ஆரம்பிச்சு, சாப்பிட்டவன் அடுத்த தடவ ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்து, அப்படியே நாலு டேபிள் போட்டது, அப்புறம் பத்து டேபிள் ஆச்சு. டாங்ராவுல பல கடை அப்படி வந்ததுதான். சாப்பிட்டுட்டு இருக்கும்போது பின்னாடி தோல் பதனிடற டிரம் சுத்தற சத்தம் தரையில லேசா அதிரும். சுவத்துல ஒரு சிவப்பு மாடம், அதுல முன்னோர் படம், ஊதுபத்தி, எப்பவும் நாலு ஆரஞ்சு. கல்லால ஆண்டி மணிச்சட்டத்துல கணக்கு போடுவாங்க, அந்த மணி டக் டக்குன்னு ஓடறத பாக்கறதுக்காகவே நானும் தம்பியும் பில்லு வர்ற நேரத்துக்கு அங்க போய் நின்னுக்குவோம்.

இப்ப கடாய் விஷயத்துக்கு வரேன். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. நாங்க மூணு பேரும் சாப்பிடுவோம். முதல் ரெண்டு தடவ போனப்போ அம்மா ஒரு தம்ஸ் அப் மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு நாங்க சாப்பிடறத பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. அப்பா வெஜிடபிள் சௌமின், அதாவது நூடுல்ஸ், சொல்றேன்னார், "அதே சட்டியிலதானே போடுவாங்க, எனக்கு வேணாங்க"ன்னுட்டாங்க. இத ஆண்டி கல்லால இருந்தே கவனிச்சிருக்காங்க போல. அப்பாகிட்ட தனியா காரணம் கேட்டிருக்காங்க. அடுத்த வாரம் போனப்போ எழுந்து வந்து அம்மா கையப் பிடிச்சு நேரா கிச்சனுக்குள்ள கூட்டிட்டு போனாங்க, நானும் பின்னாடியே ஓடினேன். ஆணியில ஒரு புது இரும்பு கடாய் தொங்குது, பிடியில சிவப்பு நூல் கட்டியிருக்கு. "பௌதி, யே சிர்ஃப் ஆப்கா." இது உங்களுக்கு மட்டும். அங்கிள் அம்மா கண்ணு முன்னாடியே புது எண்ணெய் டின்னைத் திறந்து, தனி கத்தி, தனி கட்டையில காய நறுக்கினார். அம்மாவுக்கு இந்தி தெரியாதுதான், ஆனா அதுல எல்லாமே புரிஞ்சுடுச்சு.

அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் அந்த கடாய்ல வேற எதுவும் சமைக்கல. இதுல காசு லாபம்னு எதுவும் கிடையாது, மாசத்துக்கு ரெண்டு தடவ வர்ற ஒரு குடும்பம், அதுல ஒரே ஒரு சைவ ப்ளேட்டு.

அந்த சௌமின் எப்படி இருக்கும்னா, டாங்ராவுக்கு பக்கத்துல தாபான்னு ஒரு ஏரியா, அங்க இருக்கற காய்கறி தோட்டத்துல இருந்து காலைல வந்த காலிஃப்ளவர், கோஸ், வெங்காயத்தாள், முளை கட்டின பயிறு, வறுத்த டோஃபு. அடுப்பு ஜெட் மாதிரி கத்தும், கடாய்ல புகை வந்த அப்புறம்தான் எண்ணெய், காய் உள்ள போனா ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம்தான். காய் வெந்தும் இருக்கும் கடக்குன்னும் இருக்கும். அம்மா ஊருக்கு வந்தப்புறம் எத்தனையோ தடவ செஞ்சு பாத்துட்டாங்க, வீட்டு கேஸ் அடுப்புல அந்த சூடு வராது, காய் தண்ணி விட்டுடும்.

எங்களுக்கு சில்லி சிக்கன். இங்க தள்ளுவண்டியில செக்கச்செவேல்னு கலர் போட்டு தர்றாங்களே அது இல்ல. எலும்போட சின்ன சின்னதா வெட்டின கோழி, சோயா சாஸ்ல கரும்பழுப்பா, கீறின பச்சமிளகா, பூண்டு, வெங்காயம், அவ்ளோதான், கிரேவி கிடையாது. டேபிள் மேல வெள்ள வினிகர்ல ஊற வச்ச பச்சமிளகா ஒரு கிண்ணம், பச்ச கலர் சில்லி சாஸ் ஒரு பாட்டில். அந்த பச்ச சாஸ் கல்கத்தா சீனர்களோட சொந்த சரக்கு. இது ஒரிஜினல் சைனீஸே இல்லன்னு சிலபேர் அலட்சியமா பேசுவாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. ஒரு ஜனம் இருநூறு வருஷமா ஒரு ஊர்ல வாழ்ந்து, அந்த ஊர் மிளகாயையும் அந்த ஊர் நாக்கையும் பழகி உண்டாக்கின சாப்பாடு அது. அதுக்கு வேற எந்த ஊரோட சர்ட்டிஃபிகேட்டும் வேண்டியதில்ல.

அம்மா பேசற இந்தி முழுக்க ஆண்டிகிட்ட கத்துக்கிட்டதுதான். பொங்கலுக்கு ஒரு தூக்கு நிறைய சக்கரைப் பொங்கல் போகும். அது முடிஞ்ச கொஞ்ச நாள்லயே அவங்க புது வருஷம் வந்துடும், அங்க இருந்து ஒட்டுற அரிசி மாவுல சக்கரை போட்டு மணிக்கணக்கா ஆவியில வேக வச்ச ஒரு இனிப்பு வரும், அத வில்லையா வெட்டி எண்ணெய்ல பொரிச்சு சாப்பிடணும். அதிரசப் பாகு மாதிரியே இருக்குன்னு சொல்லி அம்மா அடுத்த வருஷம் அதிரசம் சுட்டு அனுப்பினாங்க, அது ஆண்டிக்கு ரொம்ப பிடிச்சு போச்சு. புது வருஷத்தன்னிக்கு சிங்க ஆட்டம் தெருத்தெருவா வரும், அந்த மேளம் எங்க ஊர் பறை மாதிரியே நெஞ்சுல அடிக்கும். டாங்ராவுல சீனர்கள் கும்பிடற காளி கோயில் ஒண்ணு இருக்கு, நூடுல்ஸ் படைப்பாங்க. அம்மாவ அங்க முதல்ல கூட்டிட்டு போனதும் ஆண்டிதான்.

ஒரே ஒரு தடவ ஆண்டி அவங்க கதைய சொன்னாங்க. அன்னிக்கு மழை, கடையில எங்கள தவிர ஆள் இல்ல. அவங்க பொறந்தது ஷில்லாங். 1962ல சீனாவோட சண்டை வந்தப்போ அவங்களுக்கு பத்து வயசு. ராத்திரி போலீஸ் வந்து குடும்பத்தோட ஏத்திட்டு போய், பல நாள் ரயில்ல, ராஜஸ்தான் தேவ்லி முகாம்ல விட்டுட்டாங்க. சீன முகம்ங்கறத தவிர வேற குத்தம் கிடையாது. அந்த முகாம்ல கிட்டத்தட்ட 3000 பேர் இருந்திருக்காங்க, கடைசி ஆளுங்க வெளிய வரும்போது 1967 ஆயிடுச்சு. இவங்க நாலு வருஷம் கழிச்சு வந்தா ஷில்லாங்ல வீடும் இல்ல கடையும் இல்ல, அதனால கல்கத்தாவுல சொந்தக்காரங்க டேனரிக்கு வந்துட்டாங்க. "அங்க சோறு அரைவேக்காடா இருக்கும் பௌதி, கல்லு கிடக்கும்"னு மட்டும் சொன்னாங்க, அழல. அம்மாதான் அழுதாங்க. நம்ம ஸ்கூல் பாடத்துல நான் இதப்பத்தி ஒரு வரி கூட படிச்சதில்ல. டாங்ராவுல ஏன் எல்லாரும் அவ்ளோ உயரமா மதில் கட்டியிருக்காங்கன்னு அன்னிக்கு யோசிச்சேன்.

1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தது, கல்கத்தா டேனரி எல்லாம் ஊருக்கு வெளிய பாந்தலா பக்கம் போகணும்னு. சுற்றுச்சூழலுக்கு அது தேவைதான், பாலாறு என்ன ஆச்சுன்னு பாத்த எங்களால அத தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அங்க போய் புதுசா ஆரம்பிக்க எல்லாருக்கும் முதல் இல்ல, வயசும் இல்ல. பலபேர் டேனரிய அப்படியே ஏசி போட்ட பெரிய ரெஸ்டாரண்டா மாத்தினாங்க, பலபேர் வித்துட்டு கனடா போயிட்டாங்க. ஒரு காலத்துல கல்கத்தாவுல 20,000 சீனர்கள் இருந்தாங்கன்னு சொல்லுவாங்க, இப்ப 2,000 பக்கம்தான்னு சொல்றாங்க. திதி கடைக்கு பின்னாடி டிரம் சத்தம் நின்னு போச்சு. 2003ல அப்பாவுக்கும் அங்க வேலை இல்லாம போய் நாங்க ஊருக்கு திரும்பிட்டோம். கிளம்பற அன்னிக்கு ஆண்டி ஸ்டேஷனுக்கே வந்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய பச்ச சாஸ் பாட்டில் ஏத்தி விட்டாங்க.

வியாபாரம் படுத்து மூடினாங்கன்னு நினைக்காதீங்க, ஞாயித்துக்கிழமை கடைசி வரைக்கும் டேபிள் கிடைக்காது. பையனும் பொண்ணும் டொராண்டோவுல, அங்க கல்கத்தா ஹக்கா சாப்பாட்டுக்குன்னே நிறைய கடை இருக்கு, பையன் அப்படி ஒண்ணுலதான் வேலை பாத்தார். அங்கிளுக்கு தோள்பட்டை போயிடுச்சு, அந்த கடாய தூக்கி தூக்கி பிரட்ட முடியல. கத்துக்கொடுத்து வளத்த ரெண்டு பசங்க இருந்தாங்க, பெரிய ஹோட்டல்ல கூடுதல் சம்பளம்னு போயிட்டாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியுமா.

2018ல ஆபீஸ் வேலையா கொல்கத்தா போனேன். டாக்சிய விட்டு இறங்கி அந்த சந்துல திரும்பும்போதே தெரிஞ்சுது, அந்த வாசனை இல்ல. கடை பாதி காலி, டேபிள் எல்லாம் ஒரு மூலையில அடுக்கி இருக்கு, அந்த மாசத்தோட மூடறாங்களாம். நான் வரலன்னா போன்ல சொல்லி இருப்போம்னாங்க. அங்கிள் ஒரு கையாலயே எனக்கு சில்லி சிக்கன் போட்டு தந்தார். வேணாம்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. கொஞ்சம் உப்பு தூக்கலா இருந்தது, நான் ஒரு துண்டு மிச்சம் வைக்காம சாப்பிட்டேன். கிளம்பும்போது ஆண்டி உள்ள போய் அந்த கடாய எடுத்துட்டு வந்து நியூஸ்பேப்பர்ல சுத்தி கொடுத்தாங்க. நாங்க போய் பதினஞ்சு வருஷம் ஆச்சே, இன்னும் எதுக்கு வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "பௌதி வந்தா?"ன்னாங்க.

அந்த இடத்துல இப்ப ஏதோ குடோன்னு கேள்விப்பட்டேன், நான் போய் பாக்கல. டாங்ரா போறவங்க தாராளமா போங்க, நல்ல கடை இன்னும் நிறைய இருக்கு. காலைல சீக்கிரம் எழுந்திருக்க முடிஞ்சா மத்திய கொல்கத்தாவுல பொத்தார் கோர்ட் பக்கம் திரெட்டா பஜார்ல சீனக் குடும்பங்க விக்கிற காலை டிபன் சாப்பிடுங்க, ஞாயித்துக்கிழமைதான் நிறைய இருக்கும், லேட்டா போனா மீன் உருண்டை சூப் தீந்துடும்.

அங்கிள் இப்ப இல்ல. ஆண்டி டொராண்டோவுல பையன்கூட இருக்காங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ வாட்ஸ்அப்ல அம்மாகிட்ட பேசுவாங்க, அம்மாவுக்கு இப்ப காது சரியா கேக்காது, அதனால நான் பக்கத்துல உக்காந்து திருப்பி சொல்லணும். போன மாசம் பேசினப்போ முதல்ல உடம்பெல்லாம் விசாரிச்சுட்டு, கடாய சோப்பு போட்டு கழுவறீங்களா, இரும்பு துரு பிடிச்சுடும்னாங்க. நான் அம்மா காதுல சொன்னேன். "சோப்பே போடறதில்ல, நல்லெண்ணெய் தடவித்தான் வச்சிருக்கேன்னு சொல்லு திதிகிட்ட"ன்னாங்க.